426ஆம் இடத்து அமினோ அமிலம்: நாய்ப் பார்வோவைரஸை ஆய்வகம் எப்படி அடையாளம் காண்கிறது, எப்படி வகைப்படுத்துகிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து வாரக் குட்டி ஒன்றுக்குத் தடுப்பூசி போட்ட ஆறாம் நாளில் கழிச்சல் கண்டது. மருத்துவர் செய்த விரைவுப் பரிசோதனைப் பட்டையில் மங்கலான ஒரு கோடு தெரிந்தது. அதே மல மாதிரி இரண்டு ஆய்வகங்களுக்குப் போனது. ஒன்று 'சிபிவி-2ஏ' (சிபிவி என்பது நாய்ப் பார்வோவைரஸின் ஆங்கிலச் சுருக்கம்) என்று அறிக்கை தந்தது; மற்றொன்று 'அசல் சிபிவி-2, தடுப்பூசி வைரஸுடன் ஒத்துள்ளது' என்றது. மரபணுத் தரவுத்தளத்தில் தேடியபோது 'புரோட்டோபார்வோவைரஸ் கார்னிவோரன்1' என்ற மூன்றாவது பெயர் வந்து நின்றது. இவற்றில் எது சரி, ஆய்வகங்கள் எதை வைத்து இப்படிப் பெயரிடுகின்றன என்பதே கேள்வி.

மூன்று பெயர்களும் ஒரே வைரஸைத்தான் சுட்டுகின்றன. ஆனால் முதல் ஆய்வகம் தான் பார்த்ததற்கு மேல் சொல்லிவிட்டது. அது எப்படி நேர்ந்தது என்பதை விளக்க வேண்டுமானால், ஆய்வகத்தில் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் மூன்று வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதிரியில் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. இருப்பது எந்த வைரஸ் என்று நிறுவுவது இன்னொரு வேலை. அது தன் உறவுகளுக்கிடையே எங்கே நிற்கிறது என்று சொல்வது மூன்றாவது வேலை. ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு, தவறும் வழியும் வேறு.

வைரஸைப் பற்றி முதலில் கொஞ்சம். இலத்தீனில் 'பார்வஸ்' என்றால் சிறியது. பெயருக்கேற்ப இதன் விட்டம் ஏறத்தாழ 26 நானோமீட்டர்தான். கொழுப்பு உறை கிடையாது. 60 புரதத் துண்டுகள் இருபது முகக் கூடாக அமைந்து, அதற்குள் சுமார் 5,300 எழுத்துகள் நீளமுள்ள ஒற்றை இழை டிஎன்ஏவைப் பொதிந்து வைத்திருக்கின்றன. அந்த டிஎன்ஏவில் இரண்டு முக்கியப் பகுதிகள் உள்ளன. ஒன்று வைரஸ் பெருகுவதற்கான என்எஸ்1 முதலிய புரதங்களைத் தருகிறது. மற்றொன்று கூட்டின் புரதங்களான விபி1, விபி2 இரண்டையும் தருகிறது. கூட்டின் பெரும்பகுதி விபி2தான். அதன் நீளம் 584 அமினோ அமிலங்கள். இந்தக் கூட்டின் அணுநிலை அமைப்பை மைக்கேல் ராஸ்மன் குழுவினர் 1991இல் எக்ஸ் கதிர்ப் படிகவியல் வழியாக வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் எந்த அமினோ அமிலம் கூட்டின் வெளிப்புறத்தில் துருத்தி நிற்கிறது, எது உள்ளே புதைந்திருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. கீழே நாம் பேசப்போகும் எண்கள் எல்லாம் இந்த 584இல் அடங்கியவை.

இந்த உடலமைப்பே அடையாளம் காணுதலின் முதல் படிகளைத் தீர்மானிக்கிறது. மரபணு முறைகள் வருவதற்கு முன், புதிய வைரஸ் ஒன்று கைக்கு வந்தால் அதைக் குளோரோஃபார்மில் குலுக்குவார்கள், அமிலத்தில் வைப்பார்கள், 60 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்குவார்கள். கொழுப்பு உறை உள்ள வைரஸ்கள் குளோரோஃபார்மில் வீரியம் இழக்கும். பார்வோ எதற்கும் அசையாது. ஐயோடோடிஆக்சியூரிடின் என்ற சேர்மம் செல் வளர்ப்பில் அதன் பெருக்கத்தைத் தடுத்தால் அது டிஎன்ஏ வைரஸ் என்று முடிவு செய்வார்கள். இன்று இந்தச் சோதனைகளை யாரும் நோய் கண்டறியச் செய்வதில்லை. ஆனாலும் குளோரோஃபார்ம் மட்டும் ஓய்வு பெறவில்லை. மல மிதவையைத் தெளியவைக்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம், ஏனெனில் மற்றவை அழியும்போது பார்வோ மிஞ்சி நிற்கும்.

மின்னணு நுண்ணோக்கிக்கும் அன்றைய கதையில் பெரிய இடம் உண்டு. 1978இல் உலகின் பல மூலைகளிலும் நாய்களிடையே கடும் இரத்தக் கழிச்சலும் குட்டிகளிடையே இதயத்தசை அழற்சியும் ஒரே நேரத்தில் வெடித்தபோது, நெகட்டிவ் ஸ்டெயினிங் முறையில் (பின்புலத்துக்கு மட்டும் சாயமேற்றி) மலத்தைப் பார்த்தவர்களுக்கு மணல் தூவியதுபோல் ஒரே அளவிலான சிறு உருண்டைகள் தென்பட்டன. நுண்ணோக்கியின் அதே பார்வைப் பரப்பில் நாய்க் கொரோனாவைரஸும் இருக்கலாம். அது நான்கைந்து மடங்கு பெரியது, சுற்றிலும் முடிச்சு முடிச்சாகப் புரத முட்கள் கொண்டது. இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. ஆனால் 26 நானோமீட்டர் உருண்டை ஒன்றைப் பார்த்து 'இது பார்வோ' என்று சொல்லலாமே தவிர, எந்தப் பார்வோ என்று சொல்ல முடியாது. பூனைகளின் பான்லூக்கோபீனியா வைரஸும் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும்.

நாய்க்கு வேறொரு பார்வோவும் உண்டு. 1967இல் இராணுவ நாய்களின் மலத்திலிருந்து ஒரு சிறு வைரஸைப் பிரித்தெடுத்து 'நாய்களின் மிக நுண்ணிய வைரஸ்' என்று பெயரிட்டிருந்தார்கள். அதுவே சிபிவி-1 ஆயிற்று. அதனால்தான் 1978இல் வந்தது சிபிவி-2. எண்ணைப் பார்த்து ஒன்றிலிருந்து இரண்டு பிறந்தது என்று நினைப்பவர்கள் நிறைய உண்டு. மாணவர்களின் விடைத்தாளில்கூட அப்படி எழுதக் கண்டிருக்கிறேன். இரண்டும் வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்தவை. சிபிவி-1 இன்று போகாபார்வோவைரஸ் பேரினத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. சிபிவி-2 புரோட்டோபார்வோவைரஸ் பேரினத்தில் இருக்கிறது. ஒன்றுக்கு எதிரான சீரம் மற்றொன்றைத் தொடுவதில்லை. எண் வரிசை வரலாற்றின் விபத்து மட்டுமே.

செல் வளர்ப்பில் இந்த வைரஸை வளர்ப்பதற்கென்று ஒரு கைப்பழக்கம் வேண்டும். பார்வோவைரஸிடம் டிஎன்ஏவை நகலெடுக்கும் சொந்த நொதி கிடையாது; செல் தன் டிஎன்ஏவைத் தானே பெருக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அது குறுக்கே புகுந்து வேலை செய்ய முடியும். குட்டியின் உடலில் குடலின் குழிவறைகள், எலும்பு மஜ்ஜை, நிணநீர்த் திசு ஆகிய வேகமாகப் பிரியும் செல்களையே அது தாக்குவதற்கும் இதுதான் காரணம். ஆகவே மற்ற வைரஸ்களுக்குச் செய்வதுபோல் செல்கள் தட்டு நிறைய வளர்ந்து நின்ற பிறகு மாதிரியை ஊற்றினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். செல்களைத் தட்டில் விதைக்கும் அதே வேளையில், அல்லது சில மணி நேரத்துக்குள், வைரஸையும் சேர்க்க வேண்டும். பூனைச் சிறுநீரகத்திலிருந்து வந்த சிஆர்எஃப்கே செல்களும் நாயிலிருந்து வந்த ஏ72 செல்களும் இதற்கு வழக்கமானவை. அசல் சிபிவி-2 உயிருள்ள பூனையைத் தொற்றாது, ஆனால் பூனைச் செல் வளர்ப்பில் நன்றாக வளரும். செல் சிதைவு எல்லா நேரமும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால், இரண்டு மூன்று முறை மறுவளர்ப்புச் செய்து, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளால் உட்கரு ஒளிர்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். நோயாளிக் குட்டிக்கு அந்த முடிவால் பயனில்லை. புதிய திரிபை ஆராயவும் சேமித்து வைக்கவும் மட்டுமே இன்று வளர்க்கிறோம்.

எனக்குப் பிடித்த சோதனை இன்றும் சிவப்பணுத் திரட்சிச் சோதனைதான். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கண்ணும் பொறுமையும் போதும். 96 குழிகள் கொண்ட தட்டில் தெளியவைத்த மலச் சாற்றை முதல் குழியில் இட்டு, அடுத்தடுத்த குழிகளில் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போக வேண்டும். பிறகு பன்றியின் சிவப்பணுக்களை ஒரு சதவீத அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ மிதக்கவிட்ட கரைசலை ஒவ்வொரு குழியிலும் சேர்த்துத் தட்டை 4 டிகிரி குளிரில் வைத்துவிட வேண்டும். சில மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், வைரஸ் இல்லாத குழியில் சிவப்பணுக்கள் நழுவி அடிமையத்தில் தெளிவான விளிம்புள்ள ஒரு சிவப்புப் பொட்டாகச் சேர்ந்திருக்கும். வைரஸ் உள்ள குழியில் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு குழியின் சுவர் முழுவதும் மெல்லிய இளஞ்சிவப்புப் படலமாக விரிந்து நிற்கும். எத்தனையாவது நீர்த்தல் வரை படலம் தெரிகிறதோ அதுவே அளவு. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால், குளிர் நீங்க நீங்கப் பிணைப்பு தளர்ந்து படலம் பொட்டாக மாறத் தொடங்கும். அப்படி மாறிய தட்டைப் பார்த்து எதிர்மறை என்று எழுதிய பயிற்சியாளர்களில் ஒருகாலத்தில் நானும் ஒருவன்.

மலத்தில் சிவப்பணுக்களைத் திரட்டும் வேறு பொருள்களும் இருக்கும். ஆகவே அடுத்த தட்டில் பார்வோவுக்கு எதிரான சீரத்தை முதலில் சேர்த்து, திரட்சி நின்றுபோகிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால்தான் அது பார்வோ. இங்கேதான் கண்டறிதல் அடையாளமாக மாறுகிறது. கரைசலின் அமில காரநிலையை மாற்றியும் ஒரு துப்புக் கிடைக்கும். பூனை வைரஸ் அமிலப் பக்கம் சாய்ந்த குறுகிய வரம்பில்தான் சிவப்பணுக்களைத் திரட்டும். நாய் வைரஸ் நடுநிலையைத் தாண்டியும் திரட்டும். ஆனால் சிபிவி-2க்குள் பின்னர் தோன்றிய 2ஏ, 2பி, 2சி என்ற வகைகளை இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது.

மருத்துவமனைப் பட்டைக்கு வருவோம். பட்டையில் பூசியிருக்கும் எதிர்ப்பொருள், மலத்தில் உள்ள வைரஸ் கூட்டைப் பிடித்து நிறக்கோடாகக் காட்டுகிறது. கோடு தெளிவாக வந்தால் பெரும்பாலும் நம்பலாம். கோடு வராவிட்டால் நம்பக் கூடாது. நோய் கண்ட சில நாட்களுக்குள் குட்டியின் உடலே எதிர்ப்பொருளைச் சுரந்து குடலில் வைரஸைச் சூழ்ந்துகொள்ளும். மூடப்பட்ட வைரஸைப் பட்டை காணாது. வைரஸ் வெளியேறும் நாட்களும் குறைவு. மறுபக்கம், உயிருள்ள தடுப்பூசி வைரஸும் குடலில் பெருகி மலத்தில் வெளியேறும். போட்ட சில நாட்களில் எடுத்த மாதிரியில் அது மங்கலான கோட்டைத் தரக்கூடும். கேள்வியில் வரும் மங்கலான கோட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் எழுந்த ஐயம் இதுதான். பட்டை 'பார்வோ இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். யாருடைய பார்வோ என்று அதற்குத் தெரியாது.

சீரத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது தடுப்பூசி போட்ட குட்டியிலும், தாயிடமிருந்து எதிர்ப்பொருள் பெற்ற குட்டியிலும் நோயறிய உதவாது. பாதுகாப்பு இருக்கிறதா என்று அறியவே அது பயன்படும். இறந்த குட்டியானால் சிறுகுடல் குழிவறைகளின் அழிவையும் உட்கருவுக்குள் தெரியும் படிவங்களையும் திசுவியலில் பார்க்கலாம். குடல் அழுகிப்போயிருந்தால் நாக்கை எடுத்துப் பாருங்கள் என்று நோய்க்குறியியல் ஆசிரியர்கள் சொல்வார்கள். நாக்கின் மேல்தோலிலும் அதே உட்கருப் படிவங்கள் தெரியும், நாக்கு குடல் அளவுக்கு விரைவில் கெடாது.

இன்று பெரும்பாலான ஆய்வகங்களின் முதுகெலும்பு, டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் முறைதான். மிகக் குறைந்த வைரஸையும் அது பெருக்கிக் காட்டும்; அந்தக் கூர்மையே அதன் பலவீனமும்கூட. நோய் தீர்ந்து பல நாட்களுக்குப் பிறகும் மலத்தில் மிஞ்சிய டிஎன்ஏவை அது காணும். தடுப்பூசி வைரஸையும் காணும். எனவே பெருக்கம் நடக்கும்போதே அளவிடும் ரியல்டைம் பிசிஆர் தரும் அளவு முக்கியம். மோசமான நோயில் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கான பிரதிகள் இருக்கும். தடுப்பூசி வைரஸ் பொதுவாக அதைவிட மிகக் குறைவாகவே வெளியேறும். பொதுவாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: இரண்டுக்கும் நடுவே கூர்மையான எல்லைக்கோடு எதுவும் இல்லை. எதிர்த்திசையிலும் பிசிஆர் தவறும். மலத்தில் உள்ள பித்த உப்புகளும் இரத்தச் சிவப்பும் நொதியின் வேலையைக் கெடுக்கும். இரத்தமாகக் கழிந்த ஒரு மாதிரி எதிர்மறை என்று வந்தால், பிரித்தெடுத்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மீண்டும் ஓட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். வைரஸ் நீர்த்துப்போவதைவிடத் தடைப்பொருள் நீர்த்துப்போவது அதிகப் பயன் தரும். நீர்த்த பிறகு நேர்மறையாக வந்த மாதிரிகளை எண்ணிக்கை மறக்கும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு குழாயிலும் உள்ளகக் கட்டுப்பாடு (நொதி வேலை செய்ததா என்று காட்டும் தெரிந்த டிஎன்ஏ) ஒன்று சேர்த்திருக்கிறார்களா என்று அறிக்கையில் பார்க்க வேண்டும்.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 1978இல் பரவிய அசல் சிபிவி-2, பூனைப் பான்லூக்கோபீனியா வைரஸை ஒத்த ஒன்றிலிருந்து வந்தது என்பதில் இன்று ஐயமில்லை. சேமித்து வைத்திருந்த பழைய சீரங்களை எடுத்துப் பார்த்தபோது, 1970களின் நடுப்பகுதியிலேயே ஐரோப்பிய நாய்களில் இதற்கான எதிர்ப்பொருள் இருந்தது தெரியவந்தது. இரண்டு வைரஸ்களின் மரபணுவும் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் ஒன்றே. விபி2இல் ஆறேழு இடங்களில் நேர்ந்த மாற்றம், குறிப்பாக 93ஆம், 323ஆம் இடங்களில் நேர்ந்தவை, நாய்ச் செல்லின் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை (வைரஸ் உள்ளே நுழையும் வாசலான புரதத்தை) பற்றிக்கொள்ளும் திறனைக் கொடுத்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் காலின் பாரிஷும் உடன் பணியாற்றியவர்களும் 1980களில் மோனோகுளோனல் எதிர்ப்பொருள் (ஒரே ஒரு இலக்கை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள்) தொகுப்பு ஒன்றைக் கொண்டு, ஆண்டு வாரியாகச் சேமித்த வைரஸ்களைச் சோதித்தார்கள். தொகுப்பில் ஒரு எதிர்ப்பொருள் பழைய வைரஸைப் பிடித்தது, புதியதை விட்டது. வேறொன்று நேர்மாறாக நடந்தது. அப்படித்தான், அசல் வகை ஓரிரு ஆண்டுகளிலேயே பின்வாங்கி, 1980ஆம் ஆண்டையொட்டி 2ஏ என்ற புதிய வகை உலகெங்கும் அதன் இடத்தைப் பிடித்தது தெரிந்தது. 1984இல் 2பி வந்ததும் தெரிந்தது. 2000இல் இத்தாலியில் மூன்றாவது வகை ஒன்று கிடைத்தது, அதுவே 2சி. பிறகு பழைய மாதிரிகளைத் தோண்டியபோது 1996இலேயே ஜெர்மனியில் அது இருந்திருக்கிறது.

2ஏ, 2பி, 2சி ஆகிய மூன்றையும் பிரிப்பது விபி2இன் 426ஆம் இடத்து ஒரே ஒரு அமினோ அமிலம். அங்கே ஆஸ்பராஜின் இருந்தால் 2ஏ. ஆஸ்பார்டிக் அமிலம் இருந்தால் 2பி. குளுட்டாமிக் அமிலம் இருந்தால் 2சி. மரபணு எழுத்தில் சொன்னால், முழு மரபணுவின் 4062, 4063, 4064ஆம் இடங்களில் உள்ள மூன்றெழுத்துச் சொல் ஏஏடி என்றிருந்தால் 2ஏ. முதல் எழுத்து மாறி ஜிஏடி ஆனால் 2பி. கடைசி எழுத்தும் மாறி ஜிஏஏ ஆனால் 2சி. இந்த ஓரெழுத்து வேறுபாட்டைப் பிடிக்கத்தான் பல உத்திகள். பரவலாகப் பயன்படும் ஒரு முறையில், இந்த இடத்தை உள்ளடக்கிய 583 எழுத்துத் துண்டைப் பிசிஆரால் பெருக்கி, எம்போ-2 என்ற வெட்டு நொதியைச் சேர்ப்பார்கள். ஜிஏஏஜிஏ என்ற தொடரைக் கண்டால் மட்டுமே அது வெட்டும்; அந்தத் தொடர் இந்தத் துண்டில் 2சியில்தான் உருவாகிறது. ஜெல்லில் ஒற்றைப் பட்டைக்குப் பதில் ஒரு பெரிய பட்டையும் ஒரு சிறிய பட்டையும் தெரிந்தால் 2சி என்று எழுதலாம். வெட்டாவிட்டால் அது 2ஏயா 2பியா என்று இந்த முறை சொல்லாது. இன்னொரு முறையில், ஓரெழுத்து பிசகினாலும் ஒட்டாத புரோபுகள் என்ற சிறு டிஎன்ஏ துண்டுகள் இரண்டை இரு நிறச் சாயங்களோடு சேர்த்து, எந்த நிறம் எழுகிறது என்று ரியல்டைம் கருவியில் பார்ப்பார்கள். வரிசையறிதல் மூன்றாவது வழி. நேரடியாக எழுத்துகளையே வாசித்துவிடும்.

இனி முதல் ஆய்வகத்தின் அறிக்கையைப் பாருங்கள். அசல் சிபிவி-2இலும் 426ஆம் இடத்தில் ஆஸ்பராஜின்தான் இருக்கிறது. பூனை வைரஸிலும் அதுவேதான். அதாவது 426ஆம் இடத்தை மட்டும் வாசிக்கும் ஓர் ஆய்வகத்துக்கு அசல் சிபிவி-2, 2ஏ, பூனைப் பான்லூக்கோபீனியா ஆகிய மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். 2ஏயை அசலிலிருந்து பிரிப்பவை வேறு இடங்கள்: 87இல் மெத்தியோனின் லியூசினாகியிருக்கும், 101இல் ஐசோலியூசின் திரியோனினாகியிருக்கும், 300இல் அலனின் கிளைசினாகியிருக்கும், 305இல் ஆஸ்பார்டிக் அமிலம் டைரோசினாகியிருக்கும். இவற்றில் மரபணுவில் கடைசியாக வரும் 305ஆம் இடமே முழு மரபணுவின் 3699ஆம் எழுத்தில் தொடங்குகிறது; மேலே சொன்ன 583 எழுத்துத் துண்டோ 4003ஆம் எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது. அந்தத் துண்டை எவ்வளவு தெளிவாக வாசித்தாலும் இந்த நான்கு இடங்களும் அதற்குள் இல்லை. முதல் ஆய்வகம் ஏஏடி என்ற சொல்லைச் சரியாகவே வாசித்திருக்கும். அதற்கு நேராக அட்டவணையில் இருந்த '2ஏ' என்பதை எழுதியிருக்கும். 'ஆஸ்பராஜின்-426, அசல் வகையிலிருந்து பிரிக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தால் நேர்மையான அறிக்கையாக இருந்திருக்கும். இரண்டாவது ஆய்வகம் விபி2 மரபணுவை முழுதாக, அதாவது 1,755 எழுத்துகளையும் வாசித்திருக்க வேண்டும். அல்லது தடுப்பூசித் திரிபை இனங்காணும் தனிப் புரோபைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அசல் சிபிவி-2 களத்தில் நாய்களிடையே சுற்றுவது 1980களின் தொடக்கத்திலேயே ஏறக்குறைய நின்றுவிட்டது; பல தடுப்பூசிகளில் மட்டும் அது இன்றும் வாழ்கிறது. ஆகவே இன்று ஒரு குட்டியின் மலத்தில் அசல் வகை கிடைத்தால் முதலில் தடுப்பூசி அட்டையைத்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசி 2பி வகையிலிருந்து செய்ததாக இருந்தால் இந்தக் குறுக்குவழி உதவாது. அந்தத் தடுப்பூசித் திரிபுக்கே உரிய மாற்றங்களைத் தேடித்தான் பிரிக்க முடியும்.

இன்னொரு சாத்தியத்தையும் விட்டுவிடக் கூடாது. தடுப்பூசி போடும்போதே குட்டி வெளியில் தொற்றைப் பெற்றிருந்தால், மலத்தில் இரண்டு வைரஸ்களும் சேர்ந்தே இருக்கும். பொதுவான பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) இரண்டையும் ஒருசேரப் பெருக்கும். எண்ணிக்கையில் மிகுந்தது மற்றதை மறைத்துவிடும். வரிசையறிதலின் வரைபடத்தில் வழக்கமாக ஏ என்ற எழுத்து பச்சை மேடாகவும் ஜி கறுப்பு மேடாகவும் வரும். 4062ஆம் இடத்தில் உயர்ந்த பச்சை மேட்டின் அடியில் கறுப்பு மேடு ஒன்று குட்டையாக எழுந்து நின்றால், மென்பொருள் அதைப் பொருட்படுத்தாமல் 'ஏ' என்று எழுதிவிட்டுப் போய்விடும். அந்தக் குட்டை மேடு இரைச்சலாக இருக்கலாம், 2பியோ 2சியோ கலந்திருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். எழுத்துக் கோப்பை மட்டும் வாங்கிப் பார்ப்பவருக்கு அது ஒருபோதும் தெரியவராது. வரைபடத்தையும் கேட்டு வாங்கிக் கண்ணால் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பெயர் வகைப்பாட்டியலுக்கு உரியது. வைரஸ்களுக்கு அதிகாரபூர்வமாகப் பெயரிடும் பன்னாட்டு வைரஸ் வகைப்பாட்டுக் குழு சிற்றினம் வரைதான் பெயர் தருகிறது. அதற்குக் கீழே உள்ள வகை, திரிபு ஆகியவற்றில் அது தலையிடுவதில்லை. பார்வோவிரிடே குடும்பம், புரோட்டோபார்வோவைரஸ் பேரினம், அதில் புரோட்டோபார்வோவைரஸ் கார்னிவோரன்1 என்ற சிற்றினம்; சில ஆண்டுகளுக்கு முன்வரை இதையே 'கார்னிவோர் புரோட்டோபார்வோவைரஸ் 1' என்று எழுதிவந்தார்கள், சிற்றினங்களுக்கு இருசொற் பெயர் கொண்டுவந்தபோது மாறியது. இந்த ஒரே சிற்றினத்துக்குள் நாய்ப் பார்வோ, பூனைப் பான்லூக்கோபீனியா, மிங்க் குடல் அழற்சி வைரஸ், ரக்கூன் பார்வோ எல்லாம் அடங்கும். குடும்பத்தினுள் சிற்றினத்தைப் பிரிக்க அவர்கள் பார்ப்பது கூட்டுப் புரதத்தை அல்ல, என்எஸ்1 புரதத்தை. அதில் 85 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் ஒரே சிற்றினம். நோயியலாளருக்கு நாயும் பூனையும் இரண்டு உலகங்கள்; வகைப்பாட்டாளருக்கு அவற்றின் வைரஸ்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டு பார்வையிலும் பிழையில்லை.

2ஏ, 2பி, 2சி என்ற எழுத்துகளைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். அவை எதிர்ப்பொருள் தொகுப்பு மட்டுமே கையில் இருந்த காலத்துப் பெயர்கள். அன்று அவை பெரும் பயன் தந்தன. ஆனால் முழு மரபணுக்களை வைத்து வமிசமரம் வரைந்தால் 2ஏக்கள் ஒரு கிளையிலும் 2பிக்கள் வேறொரு கிளையிலும் ஒழுங்காக உட்காருவதில்லை, கலந்து கிடக்கின்றன. டிஎன்ஏ வைரஸாக இருந்தும் இதன் மாற்ற வேகம் ஆர்என்ஏ வைரஸ்களின் வேகத்தை நெருங்குகிறது என்பதால், 426ஆம் இடத்து எழுத்து வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே மாறியிருக்கிறது. ஓர் ஊரின் 2பி, வேறொரு கண்டத்து 2பியைவிடத் தன் ஊர் 2ஏக்கு நெருங்கிய உறவாக இருக்கலாம். ஆசியாவில் பரவும் 2சிக்களில் 5, 267, 324, 370 ஆகிய இடங்களில் தனி மாற்றங்கள் உண்டு. அவற்றையும் ஐரோப்பிய 2சியையும் ஒரே எழுத்தால் அழைப்பது அந்த வேறுபாட்டை மூடி மறைக்கிறது. அசல் 2இலிருந்து 2ஏ பிரிந்தது உண்மையான பெரும் பிரிவு: கூட்டின் மேற்பரப்பே மாறியது, பூனையைத் தொற்றும் திறனும் திரும்பி வந்தது. அதற்குப் பிந்திய எழுத்துகளை ஒரு முகவரியாக எடுத்துக்கொள்ளலாமே ஒழிய, குலமரபாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தைப் பார்த்து நோய் கடுமையா லேசா என்று சொல்லவும் முடியாது. சிகிச்சையும் எழுத்துக்கேற்ப மாறுவதில்லை.

ஆகவே கேள்வியில் உள்ள குட்டியைப் பொறுத்தவரை இரண்டாவது அறிக்கையை ஏற்றுக்கொண்டு, அதை வெளியிட்ட ஆய்வகத்திடம் இரண்டு விவரங்களைக் கேட்கலாம்: விபி2 முழுதும் வாசிக்கப்பட்டதா, ரியல்டைம் பிசிஆரில் வைரஸ் அளவு எவ்வளவு? அளவு மிகக் குறைவாகவும் 300, 305 ஆகிய இடங்களில் அசல் வகையின் அமினோ அமிலங்களும் இருந்தால், கழிச்சலுக்குப் பார்வோவைக் காரணம் காட்டுவதை விட்டுவிட்டு அதே மாதிரியில் குடற்புழு, ஜியார்டியா, கொரோனாவைரஸ் ஆகியவற்றைத் தேட வேண்டும். குட்டியின் வெள்ளணு எண்ணிக்கையும் வேண்டும், உண்மையான பார்வோவில் அது சரிந்திருக்கும். அளவு மிக அதிகமாக இருந்து வரைபடத்தில் அந்தக் கறுப்பு மேடும் தெரிந்தால், வெளியில் பரவும் களவைரஸுக்கான புரோபுகளைக் கொண்டு மீண்டும் ஒருமுறை ஓட்டச் சொல்ல வேண்டும். மாதிரியின் மிச்சத்தை இரண்டு ஆய்வகங்களில் ஏதேனும் ஒன்று உறைநிலையில் வைத்திருந்தால் இப்போதுகூட அதைச் செய்யலாம். இந்த வைரஸ் அவ்வளவு எளிதில் கெட்டுப்போவதில்லை.